இருநூற்றைம்பத்தாறாவது நாள்

செப்டம்பர் 22

இந்த வார 'வெள்ளிக்கிழமை வம்பு'வுக்குச் சரக்கு தேறிவிட்டது. ஆபீஸ் குரூப்பில் ஐந்து வருஷமாக நான் எழுதுகிற கம்ப்யூட்டர் செய்தி நக்கல். ஆஸ்பத்திரிகளுக்கு டோக்கன் போடும் மென்பொருளை எழுதி வாங்காத பெயரை இந்த வம்பில் வாங்கியிருக்கிறேன்.

முதல் செய்தி: ஒரு பெரிய விளையாட்டில் குதிரையின் வாலைச் சரிசெய்ய எண்பது ஜிபி அப்டேட். குதிரையையே வீட்டுக்கு அனுப்பியிருந்தால் சீக்கிரம் வந்து சேர்ந்திருக்கும். இரண்டாவது: புதுப் போன் போன வருஷத்தை விட அரை மில்லிமீட்டர் ஒல்லி. இப்படியே போனால் அடுத்த வருஷம் வெறும் அட்டைப் பெட்டியைத்தான் தருவார்கள், அதற்கும் வரிசையில் நிற்போம்.

மூன்றாவது செய்தியை எழுதக் கை வரவில்லை. தும்மலின் விளையாட்டு, வருஷத்தின் சிறந்த சின்ன விளையாட்டுகளுக்கான பரிசுப் பட்டியலில் வந்திருக்கிறது.

தும்மல், பழைய ஆபீஸில் என் பக்கத்து சீட். ஏசி போட்டால் மூன்று தும்மல், கணக்குத் தவறாது. அதுவே பெயராகிவிட்டது. அவளுடைய விளையாட்டின் பெயர் 'ஏறுங்க'. நாம் ஒரு குடியிருப்பின் லிஃப்ட் ஆபரேட்டர். ஒரு நாளைக்கு ஒரே ஒரு நடை. யாராவது ஏறுவார்கள், ரெண்டு வார்த்தை பேசுவார்கள், இறங்கிவிடுவார்கள். அவ்வளவுதான். இதற்குப் பரிசாம்.

செப்டம்பர் 23

பொறாமை இல்லை. வயிறு சரியில்லை.

செப்டம்பர் 26

வம்பு போட்டேன். நாற்பத்தொரு சிரிப்பு முகம். பத்தே நிமிஷத்தில் டீம் லீடர் தும்மலின் பேட்டியை அதே குரூப்பில் போட்டார். "இவங்க உங்க ஃப்ரெண்டுதானே? பெருமையா இருக்குமே!" என்று என்னையே கேட்டார். ஆமாம் சார், பெருமை தாங்கமுடியவில்லை.

பேட்டியை மூன்று தடவை படித்தேன். பதினான்கு இடத்தில் 'நான்'. "மதிய இடைவேளையில் தொடங்கியது" என்று ஒரு வரி. யாருடைய மதிய இடைவேளை? டிபன் டப்பாவை ஓரம் தள்ளிவிட்டு இதே விளையாட்டுக்கு அவள் படம் வரைந்தாள், நான் புரோகிராம் எழுதினேன். எட்டு மாதம். பிறகு எனக்குச் சலித்துவிட்டது. நான் ஆபீஸ் மாறும்போது, அதை எடுத்துக்கட்டுமா என்று கேட்டாள். "எடுத்துக்கோடி, குப்பைதானே" என்றேன். சொன்னவள் நான்தான். அதுதான் இன்னும் எரிகிறது.

வீட்டுக்கு வந்து கண்ணாடியைத் தேடிக்கொண்டிருந்தேன். அப்பா டேப்லெட்டிலிருந்து தலையை எடுக்காமலே, "தலைல இருக்கு பாரு" என்றார். அவர் 'ஏறுங்க' ஆடிக்கொண்டிருந்தார்.

அதை ஏற்றிக்கொடுத்ததும் நான்தான். முப்பத்திரண்டு வருஷம் பஸ் ஓட்டிய மனிதர், எதிலும் குறை கண்டுபிடிப்பார், இதையும் நார் நாராகக் கிழிப்பார் என்று நம்பினேன். அவரோ பிப்ரவரி 12-லிருந்து ஒரு நாள் விடாமல் காலை ஆறு மணிக்கு லிஃப்டைக் கிளப்புகிறார். "நேரத்துக்குக் கிளம்புற வண்டிம்மா இது" என்று சர்டிபிகேட் வேறு. நான் எழுதிய டோக்கன் மென்பொருளை ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு அவர் சொன்னது ஒரே வார்த்தை: "எழுத்து சின்னது."

அக்டோபர் 2

புதிதாக ஒரு புரோகிராமிங் மொழி வந்திருக்கிறது. மொழிக்கா பஞ்சம்? பேசத்தான் ஆள் இல்லை. நாளைய வம்புக்கு இது போதும்.

அக்டோபர் 6

அப்பா காபி குடித்துக்கொண்டே, "இன்னியோட இருநூத்தி முப்பத்தேழு நாள்" என்றார். ஏதோ சுருக்கென்றது. ஆபீஸ் போகிற வழியெல்லாம் அந்த எண் கூடவே வந்தது.

மதியம் பழைய டிஸ்கைத் தோண்டினேன். இருக்கிறது. ஆட்டத்தைச் சேமிக்கிற பகுதி முழுக்க என் கையெழுத்து. நாள் கணக்குக்கு ஒரே ஒரு பைட் ஒதுக்கியிருக்கிறேன். ஒரு பைட்டில் 255 வரைதான் நிற்கும், அடுத்தது பூஜ்யம். பூஜ்யத்தைக் கண்டால் 'புது ஆள்' என்று எண்ணிப் பழைய பதிவை அழித்துவிடு — இதையும் நானே எழுதியிருக்கிறேன். அதற்கு மேலே, இயந்திரம் படிக்காத, மனுஷருக்கான குறிப்பு வரியில் என் திமிர்: 'இதுக்கு மேல வர்றவன் பைத்தியம்.'

அவள் இதை மாற்றினாளா?

அக்டோபர் 8

மாற்றவில்லை.

இரண்டு மதிய இடைவேளை போயிற்று. பழைய போனில் விளையாட்டை ஏற்றி, தேதியை ஒவ்வொரு நாளாக நகர்த்தி, ஒவ்வொரு நாளும் ஒரு நடை ஓட்டினேன். இருநூற்றைம்பத்தாறு தடவை. இதுவரை இந்த விளையாட்டைத் தொட்டதே இல்லை. குறை கண்டுபிடிப்பதற்காக முழுசாக ஆடிவிட்டேன்.

நன்றாக இருக்கிறது. பாவி, நன்றாகத்தான் செய்திருக்கிறாள். நாலாவது மாடித் தையல்காரர் தினமும் கீழே இறங்கித் தபால் பெட்டியைப் பார்த்துவிட்டு வெறுங்கையோடு ஏறுகிறார். மகள் எழுதவில்லை. "இன்னிக்கு லீவா இருக்கும், தபால்காரருக்கு" என்று நம்மிடம் சமாளிக்கிறார். கழிவறையில் போய் முகம் கழுவிக்கொண்டு வந்து மீதியை ஆடினேன்.

255-ஆம் நாள் அவர் கையில் ஒரு கடிதம். "நாளைக்கு உங்களுக்குப் படிச்சுக் காட்டுறேன்" என்கிறார். தேதியை நகர்த்தினேன். லிஃப்ட் திறந்தது. அதே தையல்காரர். "புதுசா வந்திருக்கீங்களா? உங்க பேரு?"

எல்லாம் போச்சு. முதல் நாள்.

எழுத வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் எழுதுகிறேன். மனசு குளுகுளுவென்று இருந்தது. இடையில் ஒரு நாள் தவறியவர்களுக்குக் கணக்கு பின்தங்கும், அவர்கள் இப்போதைக்குத் தப்பிப்பார்கள். ஒரு நாளும் தவறாதவர்களுக்குத்தான் அடி. வெளிவந்த பிப்ரவரி 10 அன்றே தொடங்கியவர்களுக்கு அக்டோபர் 23-இல் விழும்.

சொல்லவில்லை. கேட்டாளா என்னை?

அக்டோபர் 9

24-ஆம் தேதி வம்பை இப்போதே எழுதி வைத்துவிட்டேன். 'பரிசு வாங்கப்போன லிஃப்ட் நடுவில் நின்றது.' நான் எழுதியதிலேயே சிறந்தது இதுதான்.

அக்டோபர் 12

தும்மல் கூப்பிட்டாள். ஐந்து மாதத்துக்குப் பிறகு. எடுத்ததும் மூன்று தும்மல்.

"ஆடிப் பாத்தியாடி?"

"எங்கடி நேரம்?"

"அவசரமில்ல. ஆனா முன்னூறாவது நாள் வரைக்கும் வந்துரு, சரியா? நடுவுல விட்டுறாத."

வேலை வைக்கிறாள் பார்! அவளுடைய விளையாட்டை ஆடுவதற்கு எனக்குக் கெடு வேறு. சரி சரி என்று வைத்துவிட்டேன். வைத்த பிறகும் அரை மணி நேரம் போனையே பார்த்துக்கொண்டிருந்தேன். சொல்லியிருக்கலாம். நாக்கு நுனி வரை வந்தது. பிறகு அந்தப் பதினான்கு 'நான்' ஞாபகம் வந்தது.

அக்டோபர் 17

வம்பு: இனிப் புரோகிராமை இயந்திரமே எழுதிவிடுமாம். பிழை வந்ததும் 'நேத்து என் கம்ப்யூட்டர்ல ஓடுச்சே' என்று சொல்லவும் அதற்குக் கற்றுக்கொடுத்துவிட்டால் முழு புரோகிராமர். ஐம்பத்திரண்டு சிரிப்பு. சந்தோஷம் அரை மணி நேரம் கூட நிற்கவில்லை.

சாயங்காலம் அப்பா தையல்காரரைப் பற்றியே பேசினார். "அந்த மனுஷனுக்கு லெட்டர் வந்துரும்னு தோணுது. நாளைக்கு நான் போகலைன்னா வாசல்லயே நின்னுட்டிருப்பாரு."

"அது வெறும் புரோகிராம்பா."

"தெரியும்மா. பஸ்ஸு கூட வெறும் இரும்புதான்."

அவருக்கு 25-ஆம் தேதி. எனக்கு மட்டும் தெரியும்.

அக்டோபர் 19

அப்பாவின் சார்ஜரை ஒளித்து வைத்தேன். ஒரு நாள் தவறினால் கண்டம் ஒரு நாள் தள்ளிப்போகுமே. அவர் எதிர்வீட்டுக்காரரிடம் சார்ஜர் கடன் வாங்கி ஆறு மணி ஐந்து நிமிஷத்துக்கு வண்டியை எடுத்துவிட்டார். "அஞ்சு நிமிஷம் லேட்டு" என்று காலை முழுக்கப் புலம்பல். ஊரில் எல்லாருக்கும் குழி வெட்டிவிட்டு என் அப்பாவை மட்டும் கையைப் பிடித்துத் தாண்டவைக்கப் பார்த்திருக்கிறேன். என்ன ஜென்மம் நான்?

அக்டோபர் 21

சொல்லிவிட்டேன்.

மதியம், ஆபீஸ் மாடிப்படியில் நின்று கூப்பிட்டேன். பைட், பூஜ்யம், எல்லாம் சொன்னேன். அந்தப் பக்கம் கீபோர்டு தட்டுகிற சத்தம்.

"அய்யோ. ஆமாடி." அப்புறம், "திருத்த பத்து நிமிஷம் போதும். ஆனா ஆப் கடையில புதுப் பதிப்பைச் சரிபாத்து விடறதுக்கு ரெண்டு நாள் ஆகுமே. நாளைக்கு மறுநாள்தானே வெடிக்கும்?"

"ஆமா."

"உனக்கு எப்பத் தெரியும்?"

"நேத்து" என்றேன்.

"நல்லவேளை நீயாவது பாத்தே" என்றாள். நன்றி வேறு சொன்னாள். அந்த நன்றியை எங்கே கொண்டுபோய் வைக்க?

அக்டோபர் 23

ஆப் கடையின் அனுமதி சாயங்காலம் நாலு மணிக்குத்தான் வந்தது. அதற்குள் ஆயிரத்து நூற்று நாற்பது பேருக்கு எல்லாம் அழிந்துவிட்டது. முதல் நாளிலிருந்து ஒரு நாள் கூடத் தவறாத ஆயிரத்து நூற்று நாற்பது பேர். 'தையல்காரருக்கு என்னைத் தெரியவில்லை' என்று ஒருவர் எழுதியிருக்கிறார். வேறொன்றும் எழுதவில்லை. திட்டக்கூட இல்லை.

தும்மல் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் போட்டுக்கொண்டிருக்கிறாள். பார்த்துக்கொண்டே இருந்தேன். 'தவறு என்னுடையது.' 'தவறு என்னுடையது.' இந்த இடத்தில் 'நம்முடையது' என்று அவள் போட்டிருக்கலாம். போடவில்லை. இங்கேயும் ஒற்றை ஆள்தான்.

ஆறாம் தேதி சொல்லியிருந்தால் ஒருவருக்கும் ஒன்றும் ஆகியிருக்காது.

அக்டோபர் 24

முன்கூட்டியே எழுதி வைத்த வம்பை அழித்தேன். அதற்குப் பதில் என் பழைய புரோகிராமையும் அந்தத் திமிர் வரியையும் படம் எடுத்துப் போட்டு, 'இந்த வார நகைச்சுவை: நான்' என்று எழுதினேன். தொண்ணூற்றாறு சிரிப்பு. இதுவரை வாங்காத எண்ணிக்கை. டீம் லீடர் கைதட்டும் படம் வேறு போட்டார்.

தாமதத்தைப் பற்றி அங்கே சொல்லவில்லை. அதை அவளுக்கு மட்டும் அனுப்பினேன்: "நேத்து இல்லடி. ஆறாம் தேதியே தெரியும். பொறாமை. சொல்லலை."

படித்துவிட்டாள். பதில் இல்லை.

அக்டோபர் 25

அப்பாவுக்குத் தையல்காரர் கடிதத்தைப் படித்துக் காட்டினார். அப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, "எழுத்து பெருசா இருக்கு, நல்லா படிக்க முடியுது" என்றார்.

அவள் பதில் போட்டாளா என்று நாலு தடவை போனை எடுத்துப் பார்த்தேன்.

நவம்பர் 11

பரிசு வேறு யாருக்கோ போய்விட்டது. எந்த முகத்தோடு ஆறுதல் சொல்வது? இதற்கும் கொஞ்சம் குளுகுளு என்று இருக்குமோ என்று தொட்டுப் பார்த்தேன். இல்லை. அந்த மட்டும் பரவாயில்லை.

நவம்பர் 28

பாஸ்வேர்டு கேட்கிற ஃப்ரிட்ஜ் வந்திருக்கிறதாம். நல்ல வம்பு. எழுதப் பிடிக்கவில்லை.

டிசம்பர் 8

காலை ஆறு மணி. "இங்க வா, இங்க வா" என்று அப்பா கத்தினார். பால் பொங்கியதோ என்று ஓடினேன். டேப்லெட்டைத் திருப்பிக் காட்டினார். அவருக்கு இன்று முன்னூறாவது நாள். இத்தனை நாளும் எரியாத ஒன்பதாவது மாடி பட்டன் எரிந்துகொண்டிருந்தது.

கதவு திறந்தது. தோளில் லேப்டாப் பையோடு ஒருத்தி. கண்ணாடி தலைமேல் இருக்கிறது, கையால் பைக்குள் எதையோ துழாவிக்கொண்டிருக்கிறாள். ஏறியதும் பேசினாள்:

"என் வீட்டுக் கதவுக்கு அப்டேட் வந்துச்சு. முடியறவரைக்கும் மாடிப்படில உக்காந்திருக்கேன். முந்தாநேத்துலேர்ந்து."

பிறகு லிஃப்ட் ஆபரேட்டரை ஏற இறங்கப் பார்க்கிறாள்.

"முன்னூறு நாளாவா இங்க நிக்கிறீங்க? இதுக்கு மேல வர்றவன் பைத்தியம்."

அப்பாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "உன்ன மாதிரியே நொட்டை சொல்லுதும்மா இந்தப் பொண்ணு!"

என் வரி. அந்தப் புரோகிராமின் தலையில் நான் எழுதிய அதே வரி. தும்மல் அந்தக் குறிப்பைப் படித்துச் சிரித்திருக்கிறாள், எடுத்தும் வைத்திருக்கிறாள். கீழே இருந்த புரோகிராமைப் படிக்கவில்லை. இந்தத் தொழிலில் எல்லாரும் செய்கிற தப்புதான். நானும் செய்வேன்.

இவளை எப்போதோ எழுதிவிட்டாள் போல. அதற்காகத்தான் முன்னூறு வரைக்கும் வரச் சொன்னாள். நான் உண்மையைச் சொன்ன பிறகு மூன்று பதிப்பு வெளியிட்டிருக்கிறாள். ஒன்பதாவது மாடிக்காரியை எப்போது வேண்டுமானாலும் தூக்கியிருக்கலாம். தூக்கவில்லை.

அந்தக் கதவு ஜோக். ஐந்து வருஷ வம்பில் எனக்கு அப்படி ஒன்று வாய்க்கவில்லை. வயிறு எரிகிறது, சத்தியமாக எரிகிறது.

ஆபீஸ் மாடிப்படியில் நின்று அவளுக்கு எழுதினேன்: "அந்தக் கதவு ஜோக்கை எனக்குக் குடுத்திருக்கலாம்டி."

மதியம் வரை ஒன்றுமில்லை. சாப்பிட உட்கார்ந்தபோது போன் அடித்தது. எடுத்தேன். டிபன் டப்பாவை ஓரம் தள்ளினேன். அந்தப் பக்கம் மூன்று தும்மல் கேட்டது.