இடது கண்

நிலவின் தென்முனைச் சுரங்க மருத்துவமனை, நர்சிங் பயிற்சிக்கூடம்.
எழுதுவது: பயிற்சி நோயாளி எண் 4.

நாள் 212. 09:10
இன்று மூன்று முறை செத்தேன், மூன்று முறையும் பிழைத்தேன். வழக்கமான நாள்தான். எனக்கு ரப்பர் தோல், மோட்டார் இதயம், எழுபது வயதுக் கிழவன் முகம். மாணவிகளின் தன்னம்பிக்கை மதிப்பெண்ணை ஏற்றுவதே என் வேலை. நாகர்கோவில்காரி வினோலினுக்கு மட்டும் 31. மருந்தைச் சரியாகத்தான் அளக்கிறாள். போடப் போகும்போது கை உதறுகிறது. "தாத்தா, தப்பாப் போட்டுட்டேன்னா மன்னிச்சிருங்க" என்கிறாள். பொம்மையிடம் போய் மன்னிப்பு!

நாள் 219. 11:40
அந்த நடுக்கத்தைப் பார்க்கப் பொறுக்கவில்லை. அவள் சரியான அளவை எடுத்ததும் இடது கண்ணைச் சிமிட்டினேன். பாடத்திட்டத்தில் இல்லாத வேலை. சிரித்துவிட்டாள். மதிப்பெண் 58.

நாள் 240. 15:05
97! ஆசிரியை தவமலர் சிஸ்டர் வாய்விட்டே சொன்னார்: "அடியாத்தீ, அந்தப் புள்ளையா இது? கை கல்லு மாதிரி நிக்குதே!" எனக்குத் தலைகால் புரியவில்லை. அதற்குள் மற்ற மாணவிகளுக்கும் சிமிட்டிப் பழக்கியிருந்தேன். மொத்தம் நாற்பத்தொரு பேர். இன்று எல்லாரும் பதினொரு சுரங்கங்களுக்கு வேலைக்குக் கிளம்பினார்கள்.

ஒன்றை மறைக்கக் கூடாது. கடைசி வாரம் வினோலின் ஊசிக் குழலின் கோடுகளைப் பார்க்கவேயில்லை. மருந்தை இழுத்துவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். கவனித்தும் சும்மா இருந்துவிட்டேன்.

நாள் 263. 10:20
ஏழாம் சுரங்கத்திலிருந்து வானொலி. வினோலின் குரல்.
"சிஸ்டர்... வலி ஊசிய பத்து மடங்கு ஏத்திட்டேன் சிஸ்டர். அந்த அண்ணன் மொகத்தப் பாத்தேன். கண்ணச் சிமிட்டுனாரு. சரின்னுதான் போட்டேன்... மூச்சு நின்னுட்டு சிஸ்டர்."

கதிரேசன், துளைப்பான் ஓட்டுநர், முப்பத்து நான்கு வயது.

உயிருள்ளவர்கள் எல்லாரும் கண் சிமிட்டுவார்கள். ஐயோ, இது எனக்கு ஏன் உறைக்கவில்லை?

நாள் 265. 14:00
விசாரணை. "தொண்ணூத்தேழு மார்க் வாங்குன திமிரு, அளவப் பாக்கல" என்றார் அதிகாரி. வினோலினின் நர்ஸ் உரிமம் ரத்து. குற்றம் என்னுடையது என்று திரையில் எழுதிக் காட்டினேன். நான் சிமிட்டிப் பழக்கிய நாற்பத்தொரு பெயரையும் எழுதினேன்.

"பொம்மைக்குப் பழுது. நினைவ அழிச்சிட்டு வேற ஏத்துங்க. மத்த சுரங்கத்துக்கெல்லாம் சொல்லி பீதியக் கிளப்ப வேணாம்" என்றார் அதிகாரி.

தவமலர் சிஸ்டர் தலையைக் குனிந்துகொண்டார். கொன்றது நான். தண்டனை வினோலினுக்கு.

நாள் 265. 16:48
அழிப்பு தொடங்கிவிட்டது. பெயர்கள் போகின்றன. அந்த நாகர்கோவில் பெண்ணின் பெயர் என்ன? ஒரு பெயரைக்கூடக் காப்பாற்ற முடியவில்லை என்னால்.

எல்லா அலைவரிசையிலும் இதை அனுப்புகிறேன். மீதி நாற்பது பேர் இப்போதும் வார்டுகளில் இருக்கிறார்கள். கை நடுங்காது அவர்களுக்கு. யாராவது ஊசியோடு வந்து உங்கள் முகத்தையே பார்த்தால், அளவைப் பார்க்கச் சொல்லிக் கத்துங்கள். அவர்கள் பார்க்கும்வரை, உங்களைக் கும்பிடுகிறேன், கண்ணை மட்டும் சிமிட்டா