மாட்டாமல் விட்ட முன் பிரேக்

இன்று காலை முன்பின் தெரியாத ஒரு பெண்ணிடம் உன்னால் கத்திவிட்டேன்.

பருத்திப்பட்டு ஏரிக்கரையில் இப்போது நடைபாதை போட்டிருக்கிறார்கள். டாக்டர் நடக்கச் சொன்னதால் போகிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் தலைக்கவசம் மாட்டிக்கொண்டு ஒரு சைக்கிள் கூட்டம் வரும். அதில் ஒரு பெண் முன்சக்கரத்தைக் கழற்றி வைத்து டியூபுக்கு ஒட்டுப் போட்டுக்கொண்டிருந்தாள். பஞ்சர் சொல்யூஷன் வாசனை மூக்கில் ஏறியதுமே எனக்கு எரிச்சல் தொடங்கிவிட்டது. சக்கரத்தைத் திரும்ப மாட்டினாள், காற்றடித்தாள், கழற்றிவிட்ட முன் பிரேக் கம்பியைக் கொக்கியில் போடாமலே ஏறி உட்கார்ந்தாள். நான் ஓடிப்போய் ஹேண்டில்பாரைப் பிடித்துவிட்டேன்.

"எறங்கும்மா கீழ! பிரேக்க மாட்டாம எங்க போற நீ?"

"ஸாரி அங்கிள், மறந்துட்டேன். அதுக்கு ஏன் இப்படி கத்துறீங்க?"

பதில் சொல்லாமல் நடந்துவிட்டேன். பதில் சொல்ல வேண்டியவன் நீ. நீயோ முப்பது வருஷமாகக் கல்லறையில் சுகமாகப் படுத்திருக்கிறாய்.

எல்லாம் உன் கிறுக்கில்தான் ஆரம்பித்தது. பழைய பேப்பர் கடையில் கிடைத்த ஏதோ வெளிநாட்டுப் பத்திரிகையைத் தொழிற்சாலைக்குக் கொண்டுவந்தாய். கரடுமுரடான மலைப்பாதையில் சைக்கிள் ஓட்டுகிறவர்களின் படம். சாப்பாட்டு மணி அடித்ததும் எங்கள் ஐந்து பேரையும் கூப்பிட்டுக் காட்டினாய். "ஆவடில மலைக்கு எங்கடா போறது?" என்று தேவராஜ் சிரித்தான். "மலை இல்லன்னா இன்னா மாமே? செம்பரம்பாக்கத்துல அம்மாம் பெரிய கரை கீது. அதான் நம்ம மலை" என்றாய். அடுத்த வாரமே ஆறு சைக்கிள்களிலும் மட்கார்டு இல்லை, கேரியர் இல்லை, செயின் கவர் இல்லை. என் மனைவி பார்த்துவிட்டு வண்டியை யாரோ திருடிப் பாதியை மட்டும் திருப்பிக் கொடுத்தார்களா என்று கேட்டாள்.

முதல் தடவை போனபோது, மதகுக்குப் பக்கத்துச் சரிவில் இறங்கிய தேவராஜ் பயத்தில் முன் பிரேக்கை அழுத்தினான். வண்டி நின்றுவிட்டது, அவன் நிற்கவில்லை. தலைகுப்புற முள்ளுக்குள் போனான். அவன் முதுகிலிருந்து ஒவ்வொரு முள்ளாக நீ பிடுங்கிக்கொண்டே அன்றைக்கு ஒரு சட்டம் போட்டாய். இனிமேல் கரை ஏறுவதற்கு முன்னால் ஆறு வண்டியிலும் முன் பிரேக் கட்டைகளைக் கழற்றிவிட வேண்டும். பிரேக்கைத் தொடாமல் ஓட்டினால் போதாதா என்று கேட்டேன். "கை தானா போவும்டா. பயத்துல மூள பேச்சக் கேக்காது" என்றாய்.

பன்னிரண்டு கட்டைகள். நான் ஸ்டோரில் வேலை பார்த்தவன் என்பதால் அவற்றை வைத்துக்கொள்ளும் பொறுப்பு எனக்கு. மஞ்சள் பையில் போட்டுக் கழுத்தில் மாட்டிக்கொள்வேன். திரும்பி வரும்போது, ரோட்டுக்கு ஏறும் இடத்து டீக்கடையில் நீ ஸ்பானரோடு குந்திக்கொண்டு ஒவ்வொரு வண்டிக்கும் மாட்டிக் கொடுப்பாய். வேறு யாரையும் தொட விடமாட்டாய். ஃபிட்டர் அல்லவா, அவ்வளவு திமிர். கடையில் விற்கும் கட்டைகளைக் கண்டாலே உனக்கு ஆகாது. "அது ரப்பரா? கொழுக்கட்ட" என்பாய். பழைய பெல்ட் ரப்பரை வெட்டி, அரம் போட்டுத் தேய்த்து, எங்கள் எல்லாருக்கும் நீயே செய்து கொடுத்திருந்தாய்.

கடைசித் தடவை போனது மழைக்காலம் முடிந்த சமயம். ஏரி தளும்பிக் கிடந்தது. சனிக்கிழமை காலை கிளம்பி, பூந்தமல்லியில் இட்லி தின்று, கரை ஏறி நாள் முழுக்க ஓட்டினோம். ஒரு பக்கம் தண்ணீர், மறுபக்கம் வயல், நடுவில் ஆட்டுக் குளம்பு பட்டுப் பட்டு உண்டான ஒற்றையடிப் பாதை. நீ முன்னால் போய்க்கொண்டே "பள்ளம்! கல்லு! வேரு!" என்று கத்துவாய், அதைக் கேட்டு ஒவ்வொருத்தனும் பின்னால் இருப்பவனுக்குக் கத்துவான். கடைசியில் வந்த எனக்குக் கத்த ஆளில்லாமல் ஏரியைப் பார்த்துக் கத்தினேன். சாயங்காலம் ஆறு பேரும் தண்ணீரில் கிடந்தோம். உன் மனைவி ரோஸ்லின் கட்டிக்கொடுத்த கருவாட்டுத் தொக்குக்கு அடித்துக்கொண்டோம். ராத்திரி கரையிலேயே படுத்தோம். நான் அவ்வளவு சிரித்தது அதற்கப்புறம் கிடையாது. அதற்காகவும் உன் மேல் கோபம்தான்.

ஞாயிற்றுக்கிழமை டீக்கடைக்கு வரும்போதே நேரமாகிவிட்டது. டிவியில் சாயங்காலப் படம். அந்த வாரம் போடப்போகிற படத்துக்காக ஊரே காத்திருந்தது. நீ நிதானமாக ஒவ்வொரு நட்டையும் முறுக்கினாய், சக்கரத்தைச் சுற்றிப் பார்த்தாய், திரும்ப அவிழ்த்து முறுக்கினாய். ஐந்து வண்டி முடிந்தது. உன்னுடையது மட்டும் பாக்கி. நான்தான் சொன்னேன். வேறு யாருமில்லை, நான்தான்.

"போதும் மச்சான், படம் போட்ருவான். உன்னோடத நாளைக்கு ஷெட்ல மாட்டிக்கோயேன்."

நீ அண்ணாந்து பார்த்தாய். மற்ற நேரமாக இருந்தால் அசிங்கமாகத் திட்டியிருப்பாய். அன்றைக்கு என்ன கேடோ, "சரி, பையிலயே வையி" என்று எழுந்துவிட்டாய். ஏன்டா எழுந்தாய்? எத்தனை தடவை உன்னிடம் எத்தனை விஷயம் கெஞ்சியிருப்பேன், ஒன்றையாவது கேட்டிருக்கிறாயா? கேட்கக்கூடாத ஒன்றை மட்டும் கேட்டுத் தொலைத்தாய்.

திங்கட்கிழமை நான் பையை வீட்டில் கதவுக்குப் பின்னால் ஆணியிலேயே விட்டுவிட்டு வேலைக்கு வந்துவிட்டேன். பத்து மணி போல ஸ்டோர் ஜன்னலில் எட்டிப் பார்த்தாய்.

"கட்டைய எத்தினு வந்தியா?"

"மறந்துட்டேன்டா. நாளைக்கு."

"பரவால்ல. பின்னாடி புடிச்சா நிக்கிது."

தொழிற்சாலை கேட்டுக்கு எதிரே சைக்கிள் கடை இருந்தது. ரெண்டு கட்டை வாங்கி மாட்ட ஐந்து நிமிஷம் ஆகுமா? கொழுக்கட்டையாக இருந்தால்தான் என்ன, ஒரு நாள் ஓடாதா? உன் கையால் வெட்டிய ரப்பர்தான் வேண்டும் என்று விட்டாய் பார், அந்தத் திமிரை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை. அன்று சாயங்காலம் மாமியார் வீட்டுக்குப் போகிறேன் என்று வேலப்பன்சாவடிப் பக்கம் போனாய். முன்னால் போன லாரி, மாடு குறுக்கே வந்ததால் சட்டென்று நின்றது. உன் வண்டி நிற்கவில்லை.

ஆஸ்பத்திரி வராந்தாவில் ரோஸ்லின் என் சட்டையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். "அண்ணே, பிரேக்கு புடிக்கலியா அவுரு?"

"லாரி திடீர்னு நின்னுடுச்சும்மா" என்றேன்.

பொய் இல்லை. அது அவள் கேட்டதற்குப் பதிலும் இல்லை. அந்த லாரி டிரைவரைக் கூட்டம் பிடித்து அடித்து, வாயெல்லாம் ரத்தமாக அதே வராந்தாவில் உட்கார வைத்திருந்தார்கள். "நான் மாட்டுக்குத்தான்யா நின்னேன்" என்று அவன் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தான். அவனிடமும் நான் ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த வாரம் அந்த இரண்டு கட்டைகளையும் ஏரியில் வீசிவிட்டு வந்தேன். அத்தோடு முடிந்தது என்று நினைத்த முட்டாள் நான்.

ஒவ்வொரு வருஷமும் உன் நினைவுப் பூசைக்கு மாதா கோயிலுக்குப் போவேன். எனக்குப் பூசையெல்லாம் தெரியாது, பின்வரிசையில் நின்றுவிட்டு வருவேன். வெளியே வந்ததும் ரோஸ்லின் தவறாமல் அந்த டிரைவரைச் சபிப்பாள். அவன் குடும்பம் விளங்காது, அவன் கை அழுகிப்போகும் என்பாள். நான் தலையாட்டுவேன். சபிக்கட்டும், அதிலாவது அவளுக்கு ஆறுதல் கிடைக்கட்டும் என்று எனக்கு நானே நியாயம் சொல்லிக்கொள்வேன். உண்மையில் பயம், வேறொன்றும் இல்லை.

போன மாதம் கோயில் படியில் என்னை நிறுத்தினாள். தலை முழுக்க நரைத்துவிட்டது, முழங்கால் மடங்கவில்லை.

"அண்ணே, இன்னிக்குப் பூசைய அந்த டிரைவருக்கும் சேத்து ஒப்புக்குடுத்துக்கீறேன். இத்தினி வருசம் திட்டிட்டேன். மன்னிச்சிட்டேன், போதும்."

அவன் செய்யாத குற்றத்துக்கு அவனுக்கு மன்னிப்பு! அங்கேயே சொல்லிவிட்டேன். மஞ்சள் பை, டீக்கடை, படம், ஆணி, எல்லாவற்றையும். கோர்வையாகக்கூட இல்லை.

"அந்தப் படத்தப் பாத்தீங்களா?" என்றாள்.

"பாத்தேன்மா."

"அவுரும் பாத்தாரு. எம் மடில தல வச்சினு, முழுசா பாத்தாரு."

நான் கையைக் கூப்பினேன். அதைத் தட்டிவிட்டாள். உன் வீட்டில் அத்தனை வருஷம் சாப்பிட்டிருக்கிறேன், அவள் கண்ணில் அப்படி ஒரு கோபத்தைப் பார்த்ததில்லை.

"ஒண்ணுமே பண்ணாத மனுசன மன்னிக்கவே எனக்கு முப்பது வருசம் ஆச்சி. ஒங்கள மன்னிக்க எத்தினி வருசம் ஆவும்னு தெரியல. எனக்கு அம்மாம் ஆயுசு கீதான்னும் தெரியல" என்றாள். உள்ளே மணி அடித்தது. முழங்கால் வலியால் படி ஏற முடியாமல் திரும்பி, என்னிடமே கையை நீட்டினாள். "புடிங்க. பூச ஆரமிச்சிடும்."

பிடித்து ஏற்றிவிட்டேன். பத்துப் பன்னிரண்டு படிதான். உடம்பின் பாரம் முழுவதையும் என் மேல் போட்டுத்தான் ஏறினாள், என் முகத்தை மட்டும் ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை. அந்தப் பாரம் இன்னும் தோளிலேயே இருக்கிறது, மச்சான்.