ஓநாய்ப் பையனும் இரண்டு ஆட்டுக்காரர்களும்

ஜனவரி 9

செம்மறி வளர்ப்போர் சங்கக் கூட்டத்தில் இந்த முறை ஓநாயைப் பற்றி நான் பேச வேண்டுமாம். பேச்சு எனக்கு வரும், விஷயம்தான் வராது. நூலகத்துக்கு போன் செய்து, ஓநாய் பற்றி ஏதாவது எடுத்துவை என்று சோல்ஃப்ரிட்டிடம் சொல்லியிருந்தேன். இன்று போனால் தலையணைத் தடிமனில் ஒரு புத்தகம் காத்திருக்கிறது. அட்டையில் ஒரு பையன், கொட்டும் பனியில் சட்டையில்லாமல். பாதி முகம் மனிதன், பாதி ஓநாய். புத்தகத்தின் முதுகில் 'இளையோர் காதல்' என்று ஒட்டியிருக்கிறது.

"இதுல ஓநாய் இருக்கு," என்றாள். முகத்தில் ஒரு சுருக்கம்கூட அசையவில்லை. எனக்குப் பின்னால் ஊராட்சித் தலைவர் நின்றார். வாதாடினால் அவர் எட்டிப் பார்ப்பார். கோட்டுக்குள் செருகிக்கொண்டு வந்துவிட்டேன்.

ஜனவரி 10

மைனஸ் பதினெட்டு. அந்தப் பையனுக்கு இந்நேரம் நிமோனியா வந்திருக்கும்.

ஜனவரி 13

கடையில் காதில் விழுந்தது: ஹால்கைர் மந்தையை மொத்தமாக விற்கப்போகிறானாம். வாங்குகிறவன் கடற்கரைப் பக்கத்து ஆள், மார்ச்சில் பார்க்க வருகிறானாம்.

பக்கத்துப் பண்ணைக்காரன், ஒன்றாம் வகுப்பிலிருந்து கூட்டாளி. இதைக்கூட நான் ரொட்டி அடுக்கின் முன்னால் நின்று தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது! ஆகஸ்டில் அவன் ஆடுகளில் ஓநாய் புகுந்தது. அதற்கப்புறம் அவன் யாரிடமும் பேசுவதில்லை. அந்தப் பேச்சை எடுத்தாலே எழுந்து போய்விடுகிறான். கோடையில் எங்கள் இரண்டு மந்தையும் ஒரே காட்டில் மேயும், வாரம் மாற்றி வாரம் காவல். அவன் விட்டால் நான் ஒற்றை ஆள். இந்த இடுப்பு வலியை வைத்துக்கொண்டு எத்தனை நாள்? நானும் விற்க வேண்டியதுதான்.

ஜனவரி 16

சும்மா ஒரு பத்துப் பக்கம் பார்ப்போமே என்று கொட்டகையில் வைக்கோல் போட்டுவிட்டு உட்கார்ந்தேன். அறுபது பக்கம் ஓடிவிட்டது. பையன் பெயர் ஆல்ரிக். பெண் லினியா, பதினேழு வயது, ஊருக்குப் புதுசு. அவன் ஓநாய் என்று ஊருக்கே தெரிகிறது, அவளுக்கு மட்டும் தெரியவில்லை. அடி பெண்ணே, அவன் மேல் ஈர நாய் வாடை அடிக்கிறது என்று நீயே மூன்று முறை சொல்லிவிட்டாய்!

ஆடுகளின் முன்னால் உட்கார்ந்து ஓநாய்க் கதை படிப்பது நியாயமா? அட்டையை அவற்றுக்குக் காட்டாமல் பிடித்துக்கொண்டேன்.

ஜனவரி 20

முடித்துவிட்டேன். ஆல்ரிக்கின் காலில் குண்டு. ஓநாய்க் கூட்டத்தை விட்டுவிட்டுத் தனியாக மலை ஏறுகிறான். அவ்வளவுதான், முதல் பாகம் முற்றும். இப்படியா முடிப்பார்கள்?

கண் ஏன் சிவந்திருக்கிறது என்று யோருன் கேட்டாள். வைக்கோல் தூசி என்றேன். "எத்தனாம் பக்கத்துத் தூசி?" என்று கேட்டுவிட்டு உருளைக்கிழங்கு உரிக்கப் போய்விட்டாள். முப்பது வருடம் ஒருத்தியோடு வாழ்ந்தால் இதுதான் கதி. அரசாங்க ஓநாய் வேட்டைக்குழுவில் என் பெயர் இருக்கிறது. ஓநாய்க்காக அழுதேன் என்று வெளியே தெரிந்தால் துப்பாக்கியைப் பிடுங்கிக்கொள்வார்கள்.

ஜனவரி 22

இரண்டாம் பாகம் வெளியே போயிருக்கிறது. யாரிடம் என்றேன்.

"அதைச் சொல்ல மாட்டேன், ஐவிந்த். நீ முதல் பாகம் படிச்சதையும் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன். எது உனக்கு வசதி?"

தொப்பியை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

ஜனவரி 30

சங்கக் கூட்டம். இதை எழுதும்போதும் காது சுடுகிறது.

எப்படியோ பேசி முடித்து, வாஃபிள் தட்டுப் பக்கம் நகர்ந்தேன். அப்போது ஒருத்தர் கேட்டார்: காயம்பட்ட ஓநாய் என்ன செய்யும்? யோசிக்காமல், நிபுணர் குரலில் சொன்னேன்: "தனியா மலைக்குப் போயிடும். திரும்பிக் கூட்டத்துக்கு வராது." செயலாளர் அதைக் குறித்துக்கொள்ளவும் செய்தார். எழுதியதைப் பார்த்த பிறகுதான் இது எங்கே படித்தது என்று உறைத்தது.

கடைசி வரிசையிலிருந்து ஒரு குரல்.

"வரும். அவ கூப்பிட்டா வரும்."

ஹால்கைர். ஆகஸ்டிலிருந்து கூட்டத்தில் அவன் பேசிய முதல் பேச்சு.

"எவ கூப்பிட்டா?" என்றார் செயலாளர், பேனாவோடு.

ஹால்கைர் பீட்ரூட் மாதிரி சிவந்துபோய் ஒரு முழு வாஃபிளை வாயில் அடைத்துக்கொண்டான். இரண்டாம் பாகம் யாரிடம் இருக்கிறது என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

ஜனவரி 31

காலையில் அவன் வீட்டுக்குப் போனேன். கதவைத் திறந்ததும், "லினியா கூப்பிடுறாளா?" என்றேன். "உள்ள வாடா," என்று காபி வைத்தான்.

முதலில் ஆல்ரிக்கைப் பற்றிப் பேசினோம். லினியா அந்த இன்னொரு பையனோடு, மருத்துவர் மகனோடு, சேர வேண்டும் என்பது இவன் கட்சி. நான் ஒத்துக்கொள்ளவில்லை. நல்ல சண்டை. எத்தனை மாதமாயிற்று இப்படிச் சண்டை போட்டு!

எதற்கடா நீ போய் இதைப் படித்தாய் என்று கேட்டேன்.

"திட்டுறதுக்குத்தான் எடுத்தேன். ரெண்டாம் அத்தியாயத்துலயே அந்தப் பயலுக்கு அம்மா இல்லன்னு தெரிஞ்சுபோச்சு. அதுக்கப்புறம் எங்க திட்டுறது?"

கோப்பையைச் சுற்றிச் சுற்றி வைத்தான். பிறகு, நான் கேட்காமலே, ஆகஸ்டைப் பற்றி ஆரம்பித்தான். ஓநாய் என்று சொல்லவில்லை. எங்கள் ஊரில் பழைய ஆட்கள் சொல்வதுபோல் சாம்பல்காலன் என்றான்.

"சாம்பல்காலன் போயிட்டான், ஐவிந்த். ஒரு ஆடு மட்டும் கிழிஞ்ச வயித்தோட நின்னுட்டே இருந்துச்சு. கழுத்துல மணி ஆடிட்டே இருக்கு. என்னைப் பார்த்ததும் கிட்ட வந்துச்சு. சரிபண்ணிடுவேன்னு நெனச்சு வந்துச்சு. நான்தான் சுட்டேன்."

நான் எந்த வேடிக்கையும் சொல்லவில்லை. மத்தியானம் வரை உட்கார்ந்திருந்தேன்.

பிப்ரவரி 3

தீவனப் பையில் சுற்றி இரண்டாம் பாகத்தை என் தபால் பெட்டியில் வைத்திருக்கிறான். யோருன்தான் எடுத்துவந்தாள். "உன் தூசி வந்திருக்கு."

மார்ச் 12

மந்தையைப் பார்க்க அந்தக் கடற்கரைக்காரன் வந்துபோனான். அவன் வண்டி ஹால்கைர் வீட்டு முன்னால் நெடுநேரம் நின்றது. நான் ஜன்னலை விட்டு நகரவில்லை, திரை துவைக்க வேண்டியிருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். ஹால்கைரிடம் கேட்கவில்லை. கேட்டால் எழுந்து போய்விடுவானோ என்று பயம்.

ஏப்ரல் 27

குட்டி போடும் பருவம். குளித்து எத்தனை நாள் என்று நினைவில்லை. ஈர நாயே என்னைவிட மணக்கும்.

சாயங்காலம் ஹால்கைர் வந்தான். முழங்கை வரை ரத்தம், சட்டைக்குள் ஒரு குட்டி. அதன் தாய்க்கு இரண்டுக்குத்தான் பால் இருக்கிறதாம், இது மூன்றாவது. என்னிடம் குட்டி செத்துப்போன ஆடு ஒன்று நின்றது. சேர்த்துவிட்டோம். முதலில் முட்டித் தள்ளியது. பிறகு மோந்து பார்த்தது, பிறகு குடிக்க விட்டது. இருவரும் தடுப்பில் சாய்ந்து குட்டி குடிப்பதைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

கைகழுவி, வாசல்வரை போனவன், திரும்பாமலே கேட்டான்:

"ஜூன்ல காட்டுக்கு மொத வாரம் நீ போறியா, நான் போகவா?"

"நீ போ," என்றேன். "எனக்கு இடுப்பு."