மலைக்கு அலை ஏது

1984 மே 6, ஞாயிறு

பங்குச் சாமியார் வராத ஞாயிறாகையால் வாசகமும் விளக்கமும் உபதேசியாராகிய என் பொறுப்பு. தகரக் கூரையில் விழுந்த மழையின் ஓசையில் நான் சொன்ன விளக்கத்தின் பாதி எனக்கே கேட்கவில்லை.

செபத்தின்பின் என் மகன் செபமாலை மீண்டும் இந்தியாவுக்குக் கப்பலேறும் பேச்சை எடுத்தான். எங்களுக்கு இந்தியப் பாஸ்போர்ட்டு வந்து ஆண்டுகள் ஆயின. "இந்தத் தடவ நாள் குடுப்பாங்கப்பா. நீங்க வரலைன்னா நாங்களும் ஏற மாட்டோம்." நான் பிறந்தது இத்தோட்டத்தில். அவன் தாய் தெரேசா உறங்குவது கோவிலின் பின்புறத்து மண்ணில். வரமாட்டேன் என்று முன்பு சொன்னதையே சொன்னேன். முகத்தைத் திருப்பிக்கொண்டான். ஒரே மகன்.

பழைய மருந்துக் கட்டிடத்தில் புதியவன் ஒருவன் தங்கியிருக்கிறான். றோலண்ட் செபஸ்தியாம்பிள்ளை. யாழ்ப்பாணத்துக் கத்தோலிக்கன், இங்கிலாந்தில் ஆராய்ச்சி செய்பவனாம். தோட்டத்தை நடத்தும் பெரிய துரையே இடம் கொடுத்தாராம். பின்வரிசையில் முறையாக முழந்தாட்படியிட்டான். அந்த முறையே எனக்கு ஐயத்தை மிகுவித்தது. அக்கரப்பத்தனையின் இந்த ஒதுக்குப்புறத்தில் அத்தகையவனுக்கு என்ன வேலை?

மே 15

புதியவன் மலைமுடியில் முக்காலி நாட்டி, அதன்மேல் பித்தளைக் குழாய் பூட்டிக் கண் வைத்துப் பார்க்கிறான். இக்கருவியை நான் அறிவேன். கொத்மலையில் அணைக்கட்டுக்கு நிலம் அளந்தோர் கையிலும் இதுவே இருந்தது. அங்கே நீருக்கென்று குறியிட்ட வீடுகளையும் வழிபாட்டிடங்களையும் சென்ற ஆண்டு நேரிற் கண்டு வந்தேன்.

ஆயினும் அவர்கள் குழாயை நிலத்தை நோக்கித் திருப்பினர். இவன் வானத்தை நோக்கித் திருப்புகிறான். — நாம் பார்க்கும்போது மட்டும் திருப்புகிறானோ?

மே 16

சிவப்புப் பலூன் ஒன்றைப் பறக்கவிட்டான். சனங்களின் கண்ணைத் திருப்பும் வித்தை.

மே 24

பலூனுக்கு வாயு நிரப்பும் இரும்புச் சிலிண்டரை மலைக்குச் சுமக்கச் செபமாலையைத் தோட்டத்து மேற்பார்வையாளரான கண்டாக்கையா அனுப்பியிருக்கிறார். மாலையில் நனைந்து வந்தான். "என்னப்பா செய்கிறான் அவன்?" என்றேன். "நமக்கெதுக்குப்பா அதெல்லாம்," என்று தலையைத் துவட்டிக்கொண்டே போய்விட்டான்.

ஜூன் 5

இன்று வெளிப்பட்டது. கொழுந்துக் கூடையை இறக்கிவைத்த ராக்காயி கோவில் வாசலில் நின்று கூறினாள்:

"உபதேசியாரய்யா, அந்த யாப்பாணத்து ஆள்கிட்ட நேரா கேட்டுப்புட்டேன், என்னத்த அளக்குறீங்கன்னு. அலையாம்! இந்த மலையில மோதி எழும்புற அலையாம். நம்ம லயத்து வீடுகளுக்கு மேலாலதான் போவுதாம்."

"நீ என்ன சொன்னாய்?"

"மீனு வருமான்னு கேட்டேன். சிரிக்கிறாரு மனுசன்."

அவள் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. முன்னோர் நிலத்தை வகுத்தபோது மலைக்கு அருவியையும் சுனையையும் கொடுத்தனர்; அலையைக் கடலுக்கே வைத்தனர். நான் கற்ற செய்யுள் எதிலும் மலைக்கு அலை கூறியோர் இல்லை. காற்று வீசும், சுழலும், உலவும், அலையெறிவது நீர். வேதத்திலும் மலைகளை மூடியது ஊழி வெள்ளமே. ஆகவே மலைமேல் அலை என்று ஒருவன் சொன்னால், அங்கே நீரைத் தேக்கப்போகிறார்கள் என்பதன்றி வேறு பொருள் ஏது? வாய் தவறி உண்மையைச் சொல்லிவிட்டான்.

கொத்மலைக்கு அடுத்தது நாமா?

ஜூன் 21, வியாழன்

நானே அவனிடம் சென்றேன். மரியாதைக்குக் குறைவில்லை. "வாங்கோ ஐயா, இருங்கோ" என்று நாற்காலியைத் துடைத்தான். மேசைமேல் விரித்திருந்த இலங்கைப் படத்தின்மேல் பெரிய கட்டங்கள் கீறப்பட்டிருந்தன. நம் மலைநாடு முழுவதும் ஒரே கட்டத்துள் அடங்கிவிட்டது.

"இதில் எங்கள் தோட்டம் எது?"

"அது இதில தெரியாது, ஐயா. தோட்டமென்ன, உங்கட மலையே இல்லை. எல்லாத்தையும் மட்டமாக்கிப் போட்டினம்."

"யார்?"

"கணக்குப் போடுற ஆக்கள்தான். அதுதான் எனக்கும் கவலை. அலையைச் சேர்க்காமல் விட்டுட்டினம்."

"அலை எவ்வளவு உயரம் எழும்பும்?"

"மலையை விடக் கனக்க மேல," என்று கையை உயர்த்திக் காட்டினான். மகிழ்ச்சியோடு காட்டினான்!

அதற்குமேல் அங்கே இருக்க மனம் வரவில்லை. தேநீரைக் குடிக்காமல் எழுந்தேன். ஒருவனது மலையை இல்லை என்று சொல்லிவிட்டுச் சீனி எத்தனை கரண்டி என்று கேட்கிறான்.

ஜூன் 22

செபமாலையிடம் உரைத்தேன்: தண்ணீர் வரப்போகிறது, கோவிலும் கல்லறையும் மூழ்கும். அவன் விளக்கின் திரியைத் தாழ்த்தினான். பிறகு, "அலைன்னுதாம்ப்பா அவரும் சொல்றாரு. வரதுக்கு முன்னாடி போயிடுறது நல்லது," என்றான். குரல் தாழ்ந்திருந்தது. பயந்திருக்கிறான், பாவம்.

ஜூலை 9

கப்பலுக்கு நாள் வந்துவிட்டது. ஆகஸ்டு இறுதி.

நீருக்கடியில் போகும் மண்ணைக் காத்திருந்து என்ன பயன்? சம்மதித்தேன். மருமகள் அடுப்படியிலிருந்து ஓடிவந்து என் காலைத் தொட்டாள். செபமாலை வெளியே போய் நின்றான்.

ஜூலை 25

சென்ற ஆண்டு இதே நாட்களில் கலவரத்தில் கடைத்தெரு எரிந்தது. செபமாலையும் மருமகளும் தேயிலைச் செடிகளுக்குள் படுத்துக் கிடந்து திரும்பினர். அதைப்பற்றி அவன் இன்றுவரை ஒரு சொல்லும் சொன்னதில்லை. இன்றும் சொல்லவில்லை. தோட்டப் பேரேட்டில் எங்கள் பெயரை வெட்டிக்கொண்டு வந்தான்.

ஆகஸ்டு 3

ராக்காயியிடம் மட்டும் இரகசியமாக எச்சரித்தேன். "தண்ணி வந்தா கூடைய கவுத்துப்போட்டு ஏறி மெதப்பேன். நீங்க பத்திரமா போய்ச் சேருங்க சாமி," என்றாள். பேதை.

ஆகஸ்டு 19, ஞாயிறு

எழுதக் கை வரவில்லை. ஆயினும் எழுதுவேன்.

புறப்படுமுன் அந்த மனிதனைக் கண்டித்துவிட்டுப் போவதே கடமை என்று மலையேறினேன். மழை விட்டிருந்தது. "எங்கள் குடிகளை நீரில் அமிழ்த்தும் வேலைக்கு நீரும் ஒரு கத்தோலிக்கனாயிருந்து துணைபோகலாமா?" என்றேன்.

அவன் திகைத்தான். பிறகு என் தோளை மெல்லப் பற்றித் திருப்பி, "அங்க பாருங்கோ ஐயா," என்றான்.

மலைக்கு அப்பால் முகில்கள் வரிவரியாய், நெய்தெடுத்த பாய்போல நின்றன. நின்றன! காற்றோ என் வேட்டியைப் பறித்துக்கொண்டு போகிறது, முகில் அசையவில்லை.

"காத்து மலையில மோதி மேல ஏறும். ஏறினது தன்ர பாரத்தால திரும்பக் கீழ விழும். விழுந்தது பிறகும் எழும்பும். அதுதான் அலை. மேல எழும்புற இடத்தில முகில் கட்டும். தண்ணி இல்லை ஐயா, வெறும் காத்து."

"பின் மலை இல்லை என்றது?"

"காலநிலை கணிக்கிற கொம்பியூட்டர் பூமியைப் பெரிய பெரிய கட்டமாத்தான் பார்க்கும். கட்டத்துக்குள்ள இருக்கிற சின்ன மலை, சின்ன அலை ஒண்டும் அதுக்குத் தெரியாது. ஆனா இந்தச் சின்ன அலையள் கனக்க உயரத்துக்குப் போய் முறியேக்க, மேல ஓடுற பெருங்காத்தையே பிடிச்சு இழுத்து மெதுவாக்கும். இதைச் சேர்க்காட்டி, கணக்கில காத்து அளவுக்கு மிஞ்சி ஓடுது."

"தெரியாத ஒன்றை எப்படிச் சேர்ப்பீர்?"

"அலையை அப்பிடியே வரைய ஏலாது. அது எவ்வளவு இழுக்கும் எண்டு மதிச்சு, அந்த இழுவையை மட்டும் கணக்கில போடுறம்."

முகிலைப் பார்த்திருந்தேன். அவன் சிரித்துக்கொண்டே தொடர்ந்தான்:

"இதெல்லாம் உங்கட மகனுக்கு வைகாசியிலயே விளங்கப்படுத்தினனான். சிலிண்டர் தூக்கிவந்த அண்டைக்கு. நல்ல கெட்டிக்காரன். தண்ணியோ எண்டு அவரும் முதல் கேட்டவர்தான். ஏன், உங்களுக்குச் சொல்லேல்லையோ?"

— சொன்னான் என்றேன்.

ஆகஸ்டு 20

தெரிஞ்சே விட்டிருக்கான். என் மகன். நான் தண்ணி தண்ணின்னு பேத்துனப்ப, இல்லப்பான்னு ஒரு வார்த்த… ஒரே ஒரு வார்த்த. ஏன்டா?

இந்நாள்வரை வழிப்போக்கன், துரை, கண்டாக்கையா என்று எல்லோரையும் ஐயுற்றேன். என் தட்டில் சோறிட்ட கையின் உடையவனை எண்ணிப் பார்த்தேனில்லை. பொய் சொன்னானா? இல்லை. அலை என்றான், அதுவே உண்மை. மீதியை நான் கற்ற செய்யுள்கள் சொல்லிக்கொடுத்தன.

ஆகஸ்டு 21

கேட்டுவிடுவதென்றே கோவிலிலிருந்து லயத்து வீட்டுக்குப் போனேன். மூட்டை கட்டிக்கொண்டிருந்தான். பாயைச் சுற்றிக் கயிற்றை இழுத்தவன் என்னைக் கண்டதும் நிறுத்தினான். வெளியே பட்டாசு போல ஏதோ வெடித்தது; கராஜில் லொறியின் சத்தந்தான். அவன் ஒரே எட்டில் கதவைச் சாத்தி, அதில் முதுகைச் சாய்த்து நின்றான். மருமகள் அசையவே இல்லை. இது அவர்களுக்குப் பழகிப்போன காரியம் என்று கண்டேன். கடைத்தெரு எரிந்த நாள்முதல் இத்தனை மாதமாய் நான் காணாத காரியம்.

கேட்டால் அவன் போகமாட்டான். என்னோடு இங்கே இருந்துவிடுவான்.

"மழைக்குள்ள ஏம்ப்பா வந்தீங்க," என்றான்.

"கயிற்றின் மறுமுனையைக் கொடு," என்றேன்.

ஆகஸ்டு 26, ஞாயிறு

கடைசிச் செபம். தெரேசாவின் கல்லறைக்குப் போய்ச் சொன்னேன். நீர் வராது, அஞ்சவேண்டாம் என்று.

1985 பெப்ரவரி 11, கோத்தகிரி

இங்கும் தேயிலை, இங்கும் குளிர். எங்களைச் சிலோன்காரர் என்கிறார்கள்.

பக்கத்து வீட்டு நல்லமுத்து மாலையில் வந்து திண்ணையில் அமர்ந்தார். "சொந்தமா கோயிலு, பேரு, மரியாதை எல்லாம் இருந்துச்சுங்கிறீங்க. அத வுட்டுப்போட்டு இந்த வயசுல எதுக்குங்க வந்தீங்க?"

செபமாலை விறகு பிளந்துகொண்டிருந்தான். நிமிராமலே, "அங்க தண்ணி வரப்போவுதுங்க. தோட்டமே முழுகப்போவுதுன்னாங்க," என்றான். கோடரி நின்றுவிட்டது.

நல்லமுத்து என் பக்கம் திரும்பினார். "அப்படிங்களா பெரியவரே?"

"மலைக்கு மேல் அலை எழுந்தது, ஐயா. என் கண்ணாற் கண்டேன்," என்றேன்.

செபமாலை தலை நிமிர்ந்து என்னைப் பார்த்தான். நல்லமுத்து எழுந்து போகும்வரை பார்த்துக்கொண்டே நின்றான். பிறகு கோடரியைச் சுவரில் சாய்த்துவிட்டு வந்து, கப்பலேறியபின் முதல்முறையாக, என் அருகில் உட்கார்ந்தான்.