அந்தப் பத்து நொடிப் பாட்டு

சித்தி,

காப்புக் கட்டி ஆறு நாள் ஆகிறது. அம்மா முளைப்பாரி போட்டிருக்கும் உள்ளறைக் கதவைத் திறந்தாலே ஈர எருவும் ஊறிய பயறும் சேர்ந்த வாசம் முகத்தில் அடிக்கிறது. நிலைக்கு வெளியே நின்று ஒரு தடவை மோந்து பார்த்தேன். உங்கள் நினைப்பு வந்ததும் வாசலுக்கு ஓடிவந்துவிட்டேன். சேட்டை செய்துவிட்டு ஓடுவது எனக்குப் பழக்கம்தான். வெட்கப்பட்டு ஓடியது இதுதான் முதல் தடவை.

போன வருஷம் அதே அறையில்தான் நீங்கள் போட்ட பாரியும் இருந்தது. ஆம்பளைப் பிள்ளை உள்ளே வரக்கூடாது என்பதால் நான் நிலைக்கு வெளியே உட்கார்ந்திருப்பேன். நீங்கள் உள்ளே இருட்டில் தண்ணீர் தெளிப்பீர்கள். உங்கள் காதில் ஒன்று, என் காதில் ஒன்று, நடுவே இயர்போன் வயர். பயிருக்கு அம்மன் பாட்டு, நமக்கு ஹெவி மெட்டல். அம்மன் பாட்டை நீங்கள் வாயால் முணுமுணுப்பீர்கள். மற்றது காதோடு சரி.

எண்ணெய் வைத்துப் படிய வாரிய சடை, ஒரு முழம் மல்லிகை, அங்கன்வாடிச் சேலை. உங்களைப் பார்த்து யாருக்குச் சந்தேகம் வரும்? அந்தப் பாட்டுக்காரர்களோ கறுப்பு பனியனும், கையெல்லாம் பச்சை குத்தலும், இடுப்பு வரை முடியுமாக இருந்தார்கள். "முடி மட்டும் பொருந்துது சித்தி" என்று கேலி செய்தேன். திருச்சி காலேஜ் விடுதியில் பக்கத்துக் கட்டில்காரியிடமிருந்து தொற்றிக்கொண்டது என்று சொன்னீர்கள். அந்த இரைச்சலை எப்படித்தான் தாங்குகிறீர்கள் என்று கேட்டதற்கு, "முப்பது பிள்ளைங்க ஒண்ணா அழுது கேட்டிருக்கியா? அதுக்கப்புறம் இது தாலாட்டுடா" என்றீர்கள். கொஞ்சம் கழித்து, நான் கேட்காமலே, "நான் கத்த முடியாததை அவன் கத்துறான்" என்றீர்கள். அப்போது அது எனக்குப் பாதிதான் புரிந்தது. பாட்டு மட்டும் முழுசாகப் பிடித்துப்போனது.

கும்மியன்று மைக்செட்காரர் போனில் சார்ஜ் தீர்ந்துவிட்டது. கும்மிப் பாட்டெல்லாம் உங்கள் போனில் இருக்கிறது என்று என்னிடம் கொடுத்து அனுப்பினீர்கள். மைக்செட்காரர் வயரை என் கையில் கொடுத்துவிட்டுச் சாப்பிடப் போனார். பெண்கள் பாரிகளை நடுவில் இறக்கி வைத்துச் சுற்றி நின்றார்கள். என் கூட்டாளிகள் பக்கத்தில் நின்றார்கள். அவர்களைச் சிரிக்கவைக்க எனக்குப் பத்து நொடி போதும் என்று தோன்றியது.

நான்கு குழாய் ஸ்பீக்கரிலும் நம் மெட்டல் பாட்டுக்காரன் அலறினான். ஒரு குழந்தை வீறிட்டது. குலவை போட வாயெடுத்த அத்தை ஒருத்தி அப்படியே நின்றுவிட்டார். நிறுத்தினேன். என்ன கருமம் இது என்று எவனோ கேட்டான். "பேய்ப்பாட்டுடா" என்றேன். எனக்கு மனப்பாடமான பாட்டை நானே அப்படிச் சொன்னேன், சித்தி. கூட்டாளிகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

கோயில் காரியக்காரர் யார் போன் என்று கேட்டார். நான் சொல்வதற்கு நேரம் இருந்தது. நீங்கள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வரும்வரை நேரம் இருந்தது. என்னை ஒரு தடவை பார்த்தீர்கள். பிறகு, "எம் போனுதாங்க" என்றீர்கள்.

"பொம்பளப் பிள்ள கேக்குற பாட்டா ஆத்தா இது? காப்புக் கட்டுன ஊருல?"

உங்களைத் தேங்காய் உடைத்து, சூடம் கொளுத்தி, சன்னதியில் விழுந்து கும்பிடச் சொன்னார்கள். பாரி தூக்க வேண்டாம் என்றார்கள். பத்து நாள் விரதமிருந்து வளர்த்த பாரி. மற்றவர்கள் கண்மாயில் கரைத்துவிட்டு வீடு திரும்பிய பிறகு, நீங்கள் மட்டும் அதை இடுப்பில் வைத்துக்கொண்டு தனியாகப் போனீர்கள். குலவை போட ஆளில்லை. மாடியில் நின்று பார்த்தேன். இறங்கி வரவில்லை.

அதற்குப் பிறகும் எனக்குச் சோறு போட்டீர்கள், என் கடி ஜோக்குகளுக்குச் சிரித்தீர்கள். இயர்போனை மட்டும் நீட்டவே இல்லை. நானும் கேட்கவில்லை. தை மாதம் காய்ச்சல் என்று படுத்தீர்கள். நாலாம் நாள் நீங்கள் இல்லை. துக்கத்துக்கு வந்த ஒருவர் தெருமுனையில், பேய்ப்பாட்டுக்காரி வீடு எது என்று விசாரித்தார். நான் வைத்த பெயர் ஊரைத் தாண்டியும் அவ்வளவு தூரம் நடந்திருந்தது.

நேற்று அம்மாவிடம் உண்மையைச் சொன்னேன். அம்மா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "அன்னைக்கே சொல்லிட்டா. 'அவனா வந்து சொல்லுவான், நீ கேக்காதக்கா'ன்னா."

ஆக, தை வரைக்கும் காத்திருந்திருக்கிறீர்கள்.

இன்று காலை கோயிலுக்குப் போனேன். காரியக்காரர் பந்தலுக்கு ஆள் ஏவிக்கொண்டு நின்றார். அன்றைக்கு அந்தப் பாட்டைப் போட்டது நான்தான், சித்திக்குத் தெரியாமல் போட்டேன் என்று சொன்னேன். உங்கள் தண்டனையில் பாதியாவது எனக்குக் கிடைக்கும், அதை உங்கள் பெயரால் வாங்கிக்கொள்ளலாம் என்று நினைத்துத்தான் போனேன்.

அவர் சிரித்தார். நன்றாக, தோளில் தட்டிச் சிரித்தார். "நீதானாடா அது? சேட்டைக்காரப் பய. சரி போ, அங்கிட்டுப் போயி கயித்தப் பிடி."

அவ்வளவுதான் சித்தி. தேங்காய் இல்லை, சூடம் இல்லை. அதே பாட்டு, அதே பத்து நொடி. கயிற்றைப் பிடித்துக்கொண்டு மத்தியானம் வரை அங்கேயே நின்றேன்.