பொம்மைக்கும் முதுகில் கண் இல்லை

பிப்ரவரி 3
எனக்கு எழுத்து தெரியாது. நான் சொல்லச் சொல்ல போன் எழுதிக்கொள்கிறது.

பக்கவாதம் வந்ததிலிருந்து, என்னோடு கூடைப்பந்து ஆடி வளர்ந்த பெர்டிங்குக்கு வலது கை அசைவதில்லை, பேச்சும் இல்லை. முயன்றால் பேச்சு வரும் என்கிறார் டாக்டர். இவன் உதட்டையே பிரிப்பதில்லை. அவன் மகன் ஜோமர் கப்பல் வேலையிலிருந்து விடுப்பில் வந்திருக்கிறான். இருபதாம் தேதி கிளம்ப வேண்டும். “அதுக்குள்ள அப்பா ஒரு தடவ என் பேரைச் சொன்னாப் போதும், மாமா” என்றான்.

பிப்ரவரி 5
ஜோமர் டிவியில் கூடைப்பந்து வீடியோ கேம் போட்டான். பொம்மை விளையாட்டு என்று இளக்காரமாகத்தான் உட்கார்ந்தேன். எறிவதுபோல் அவன் பாவனை காட்ட, ஏமாந்து குதித்தேன். என் ஆளின் கால் தரைக்கு வருவதற்குள் அவன் தாண்டிப் போய்விட்டான். 1974இல் எங்கள் ஊர் ஹாரோ மைதானத்தில் எனக்கு நடந்தது அச்சு அசலாக. ஓடினால் பொம்மைக்கும் மூச்சு வாங்குகிறது. முகத்துக்கு நேரே கை நீட்டினால் எறிபவன் குறி தவறுகிறது. இதைச் செய்தவன் எவனோ, ஒருகாலத்தில் தடுத்து ஆடி முட்டி தேய்ந்தவனாகத்தான் இருப்பான்.

பிப்ரவரி 8
“அவன் டவுசரைப் பிடிச்சு இழுக்க எந்தப் பட்டன்?”

“அது இல்ல மாமா.”

“நடுவர் பாக்காதப்ப?”

“இதுல அவர் பாத்துட்டேதான் இருப்பாரு.”

அது ஒன்றுதான் குறை. எங்கள் தெருவில் முதலில் பழகுவதே அதைத்தான். பெர்டிங்கின் உதடு லேசாக விரிந்தது. சத்தமில்லை.

பிப்ரவரி 14
தோல்வி. பந்துக்காரனை விரட்டும்போது அவன் கூட்டாளி என் வழியில் தூண் மாதிரி வந்து நிற்கிறான். முட்டிக்கொள்கிறேன். முதுகில் கண்ணா இருக்கிறது? நிஜத்திலும் இதே கதைதான், பின்னாலிருந்து ஒருவன் கத்தினால்தான் தப்பலாம். பொம்மைகளும் கத்துகின்றன, எனக்குப் புரியாத இங்கிலீஷில். எனக்கு அன்று கத்தியவன் பெர்டிங். பக்கத்து நாற்காலியில் சும்மா இருக்கிறான்.

பிப்ரவரி 17
“எ... எடது.”

விலகினேன். தூணைத் தாண்டிவிட்டேன். அடுத்த முறை கோட்டைவிட்டேன்.

“எடதுடா... குருடா.”

ஜோமரின் கை நின்றுவிட்டது. சமையலறை வாசலில் பெர்டிங்கின் மனைவி கோரிங் கரண்டியோடு நின்றாள். நான் பெர்டிங் பக்கம் திரும்பவில்லை — பார்த்தால் நிறுத்திவிடுவானோ?

“ஆடுடா, என்ன வேடிக்கை” என்றேன் ஜோமரிடம்.

பிப்ரவரி 20
ஜோமர் கிளம்பினான். வாசல் தாண்டும்போது பின்னாலிருந்து, “ஜோ... மர்.”

திரும்பினான்.

“உன் தடுப்பாட்டம்... மோசம்.”

பையைக் கீழே வைத்துவிட்டு அப்பாவிடம் வந்து உட்கார்ந்துகொண்டான். வெளியே வண்டிக்காரர் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தார்.