சாவு வீட்டு வக்கீல்

அண்ணே,

காலையில் மேல் லயத்து வீடுகள் பக்கம் தப்புச் சத்தம் கேட்டது. சின்னையாப் பெரியவர் போய்விட்டார். சத்தம் கேட்டதும் நான் செய்த முதல் காரியம், கதவைத் திறந்து கீழே ரோட்டு வளைவைப் பார்த்ததுதான். சாவு மேளம் கேட்டால் உங்கள் கறுப்புக் கோட்டைத் தேடும் பழக்கம் இன்னும் போகவில்லை. நீங்களே போய் ஒரு மாதமாகப் போகிறது. இந்தக் கண்ணுக்கு யார் புத்தி சொல்வது?

நம் தேயிலைத் தோட்டத்துக் கங்காணி மகனாகப் பிறந்து, சட்டம் படித்து, அட்டன் கோர்ட்டில் வாதாடிய உங்களைத்தான் பிறந்த தோட்டத்துக்குள் விட மாட்டேன் என்றார் துரை. வெளியாள் கால் வைத்தால் வழக்கு. சாவுக்கு மட்டும் தடையில்லை. அதனால் ஒரு சாவு விடாமல் வந்தீர்கள். மற்ற நாட்களில் அரசாங்க ரோட்டு மதகில் நீங்கள் நிற்பீர்கள், தோட்டத்து எல்லையில் நாங்கள் நிற்போம். சாவு வீட்டில்தான் பக்கத்தில் உட்கார்ந்து பேச முடிந்தது. ஒப்பாரிக்கு நடுவே குரலைத் தாழ்த்தி, இலங்கைப் பிரஜாவுரிமைச் சட்டம் என்ன சொல்கிறது, அப்பன் இங்கே பிறந்ததற்கு எப்படிச் சாட்சி காட்டுவது என்று விளக்குவீர்கள். அழுதுகொண்டிருந்தவர்கள் மூக்கைச் சிந்திவிட்டுச் சந்தேகம் கேட்பார்கள்.

ஒரு மழைக்காலம் முழுக்க யாரும் சாகவில்லை. மதகில் நனைந்துகொண்டு நின்ற உங்களைப் பார்த்துச் சின்னையாப் பெரியவர் சொன்னார்: "வக்கீல் தம்பிக்கு கூட்டம் அவசரம்னா சொல்லுங்க. நான் செத்துப் போறேன்."

நீங்கள் சிரித்துச் சிரித்து, கண்ணாடியைக் கழற்றித் துடைத்தீர்கள். "இருங்க பெரியவரே, எனக்கு ஒரு ஓட்டாவது போட்டுட்டு சாகலாம்."

அந்த ஓட்டு வரவே இல்லை. அடுத்த தேர்தலில் நீங்கள் நிற்பதாக இருந்தது. அதற்குள் எங்கள் பெயர்களை வாக்காளர் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டார்கள். இந்தியாவில் உங்கள் அப்பாவின் ஊரான துறையூர்ப் பக்கம் கிளம்பினீர்கள். தலவாக்கலை ஸ்டேஷனில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "இங்க ஆள் இருக்கு, ஓட்டு இல்ல. அங்க ஓட்டு இருக்கு, ஆளே தெரியாது. நீயும் வந்துடு தம்பி" என்றீர்கள்.

"எங்கம்மாவ இந்த மண்ணுலதாண்ணே பொதச்சிருக்கேன்" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டேன். போக முடிந்தவர் மேல் போக வழியில்லாதவனுக்கு வரும் கோபம் அது.

அங்கும் வக்கீலாகி, சட்டசபைக்கும் ஜெயித்தீர்கள். எங்களுக்காகப் பேச எழுந்தபோது, "உங்க தொகுதியில தேயிலை வெளையுதா?" என்று ஒருவர் கேட்டாராம், சபையே சிரித்ததாம். நீங்களே எழுதியிருந்தீர்கள். அடுத்த வரியில் மழையைப் பற்றி விசாரித்திருந்தீர்கள். அங்கேயும் நீங்கள் மதகில்தான் நிற்கிறீர்கள் என்று எனக்குப் புரிந்தது.

நீங்கள் போன செய்தியை டவுனில் கடை வைத்திருக்கும் முஸ்லிம் நானா ரேடியோவில் கேட்டுச் சொன்னார். காரியத்துக்காவது வரத் துடித்தேன். கண்டியில் இந்திய ஆபீசில், "நீங்க எங்க பிரஜை இல்லையே" என்றார்கள். இங்குள்ள அரசாங்கக் கச்சேரியில் அதையே சிங்களத்தில் சொன்னார்கள். எங்கள் சாவுக்கெல்லாம் வந்தவருடைய சாவுக்கு வர எனக்கு ஒரு நாடு இல்லை.

சரி, லயத்திலேயே இரங்கல் கூட்டம் வைப்போம் என்று தோட்ட வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கையாவிடம் அனுமதி கேட்டேன். அவர் துரை பங்களாவுக்குப் போய்வந்து, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்: "சாவுன்னா பொணம் எங்கன்னு தொர கேக்குறாரு."

படுக்கையில் கிடந்த சின்னையாப் பெரியவரிடம் போய்க் கொட்டினேன்.

"பொணந்தானே வேணும்" என்றார்.

அது போன வாரம். இன்று சாயங்காலம் வரை தோட்டத்துக்குள் யாரும் வரலாம். வட்டவளையிலிருந்துகூட ஆட்கள் வந்துகொண்டிருக்கிறார்கள். பெரியவரைத் தூக்குவதற்கு முன்னால், ஒப்பாரிக்கு நடுவே, குரலைத் தாழ்த்தி உங்களைப் பற்றிப் பேசப்போகிறேன். அப்படிப் பேச உங்களிடம்தான் கற்றுக்கொண்டேன்.

நீங்கள் இருக்கச் சொன்னீர்கள், பெரியவரும் இருந்து பார்த்தார். ஓட்டு வரவில்லை. கூட்டம் கூடிவிட்டது, அண்ணே.